எச்.ஐ.வி-க்குத்தான் மாத்திரை இருக்கிறதே, பிறகு ஏன் இன்னும் இத்தனை பேர் சாகிறார்கள்? சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு அதில் என்ன கவலை?

தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வேலை அனுமதிக்காக வரும் தம்பிமாருக்கு அங்கே மெடிக்கல் எடுப்பார்கள். எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் எச்.ஐ.வி-யும் பார்ப்பார்கள். படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுவதும், மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறது. கீழே வரும் இருவரிடமும் கேட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

2017-இல் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து 24 வயதுத் தம்பி ஒருவர் வந்தார். இங்கே இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். உறுதிப்படுத்தும் சோதனையிலும் எச்.ஐ.வி இருக்கிறது என்றே வந்தது. மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார். இதற்கு மருந்து உண்டு, ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லாரையும் போல வாழலாம், ஆனால் வேலை அனுமதி கிடைக்காது, ஊருக்குத் திரும்பவேண்டும். இந்த மூன்றையும் நான் தமிழில் சொன்னேன். மூன்றாவதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழவில்லை. "அக்கா, ஒரு ஆறு மாசம் மட்டும் இருந்துட்டுப் போறேன், கடனை மட்டும் அடைச்சுட்டுப் போறேன், சொல்லுங்கக்கா" என்று என்னிடம் கேட்டார். அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

என்னால் முடிந்தது ஒரு துண்டுச் சீட்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும், அங்கே போனால் இலவசம், சந்தேகம் வந்தால் 1097-க்குக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தப் பலகைக்குக் கீழ நான் நின்னா ஊருக்கே தெரிஞ்சுடும்" என்றார். அப்புறம் மூன்று மாதம் பேச்சே இல்லை. திடீரென்று ஒரு நாள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. சொந்த மாவட்டத்தில் போகாமல், இரண்டு மணி நேரம் பஸ் ஏறிப் பக்கத்து மாவட்டத்தில் பதிந்திருக்கிறார். மாதம் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. மாத்திரை போட்டால் ராத்திரி தலை சுற்றுகிறது, கெட்ட கனவாக வருகிறது என்றார். எஃபாவிரென்ஸ் என்ற மருந்து கலந்த அன்றைய கூட்டு மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு. நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

இன்னொருவர் எனக்குச் சித்தப்பா முறை. சிங்கப்பூரர், டாக்சி ஓட்டியவர், ஈசூனில் வீடு. அந்தத் தம்பி வருவதற்கு ஒரு வருடம் முன்னால், நிமோனியா என்று இவரை மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் எச்.ஐ.வி என்றே தெரிந்தது. கிருமி எத்தனை வருடமாக உடம்பில் இருந்ததோ, அதற்குள் ஒரு கண் பார்வை போய்விட்டது. மருந்தின் விலை அன்று எங்களுக்குப் பெரிய பாரம். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தது போக மிச்சத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாங்காக் போய் மருந்து வாங்கி வந்த சிங்கப்பூரர்கள் உண்டு. 2020 செப்டம்பரில் அரசு மானியம் வந்த பிறகு அவருக்கு மூச்சுவிட முடிந்தது. இன்று ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. பேரனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்.

என்னை இன்றும் உறுத்துவது, கிளந்தான் லேனில் பெயர் கேட்காமல் பரிசோதிக்கும் இடம் அவர் தினம் டாக்சி ஓட்டிய வழியில்தான் இருந்தது. இது இளைஞர்களுக்கான விஷயம், தன்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு இல்லை என்றே அவர் நினைத்திருந்தார். தமிழில் அவரிடம் யாரும் அப்படி இல்லை என்று சொல்லவும் இல்லை. சிங்கப்பூரில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தெரியவருபவர்களில் பாதி அளவுக்கு நோய் முற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பணக்கார நகரத்துக்குள்ளேயும் தூரம் இருக்கிறது. அதை எம்ஆர்டி நிலையக் கணக்கில் அளக்க முடியாது.

சரி, இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர் உடம்பிலும் இருந்தது ஒரே கிருமி. ஒரே நகரத்தில்தான் இருவருக்கும் தெரியவந்தது. ஒருவருக்கு மருத்துவமனைக் கட்டில், இன்னொருவருக்கு விமானச் சீட்டு. மருந்து இந்தியாவில் இல்லாமல் போகவில்லை. 2004 ஏப்ரலிலிருந்து அங்கே அரசு இலவசமாகத் தருகிறது. 2017-லிருந்து, ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல் எல்லோருக்கும் தருகிறது. இப்போது தருவது டோலுடெக்ராவிர் கலந்த நல்ல மாத்திரை, கனவுத் தொல்லையெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது. தம்பிக்கு இல்லாமல் போனது வேலை, கடனை அடைக்க வழி, யார் கண்ணிலும் படாமல் போய்வரக்கூடிய ஒரு கதவு. மருந்துக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

2019-இல் சிங்கப்பூர் எச்.ஐ.வி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரம் கசிந்ததே, நினைவிருக்கிறதா? அதில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டவர். எல்லாரும் கசிவைப் பற்றிப் பேசினார்கள், அது நியாயம்தான். எனக்கு அந்த 8,800-தான் தூக்கத்தைக் கெடுத்தது. அதில் எத்தனை பேர் அந்தத் தம்பியைப் போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்களோ, போன இடத்தில் அவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருந்ததோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

உலக அளவிலும் இதே கதைதான். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு சொல்லும் 2024 கணக்கு: 4 கோடியே 8 லட்சம் பேர் எச்.ஐ.வி-யோடு வாழ்கிறார்கள், மருந்து எடுப்பவர்கள் 3 கோடியே 16 லட்சம். 92 லட்சம் பேருக்கு மருந்து போய்ச் சேரவில்லை. அந்த ஒரே ஆண்டில் எய்ட்ஸ் தொடர்பாக இறந்தவர்கள் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். மருந்து எட்டாதவர்களில் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். பெரியவர்களில் 100-க்கு 78 பேருக்குக் கிடைப்பது குழந்தைகளில் 55 பேருக்குத்தான் கிடைக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளும் அப்படித்தான்: இந்தியாவில் பெரியவர்களில் 1,000-க்கு 2 பேருக்கு எச்.ஐ.வி என்றால் மிசோரத்தில் 27 பேருக்கு. ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் போதைப் பழக்கம் அங்கே பெரிய காரணம்.

இந்தியாவில் இது முதலில் தெரியவந்ததே நம் ஊரில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதித்துப் பார்க்க அன்று சென்னையில் வசதி இல்லை. அவற்றை எடுத்துக்கொண்டு அவர் வேலூர் சி.எம்.சி-க்கு ரயில் ஏறினார். அந்தத் தம்பி பஸ் ஏறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரயிலும் நினைவுக்கு வரும்.

விலையும் ஒரு தூரம்தான். 2000 வாக்கில் ஓர் ஆளுக்கு ஓராண்டு மருந்து 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது. 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஆப்பிரிக்காவுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் போனவர்கள் போனவர்கள்தான். இப்போது லெனகாபவிர் என்று ஒரு தடுப்பு ஊசி வந்திருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்குப் போட்டுப் பார்த்ததில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,218 டாலர் என்று விலை வைத்தார்கள். ஏழை நாடுகள் உட்பட 120 நாடுகளுக்கு 2027-லிருந்து ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர இந்திய நிறுவனங்கள் முன்வந்திருக்கின்றன. இதே ஊசியின் இன்னொரு பரிசோதனைக்கு ஆட்களைத் தந்த பிரேசில் அந்த 120-இல் இல்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

"நமக்கு என்ன கவலை" என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிஜியைப் பாருங்கள். 1903-லிருந்து மதராஸ் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்களின் கொள்ளுப்பேரர்கள் வாழும் தீவு. மொத்தம் பத்து லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் 2024-இல் 1,583 பேருக்குப் புதிதாகத் தொற்று. நாற்பது லட்சம் குடியிருப்பாளர் உள்ள சிங்கப்பூரில் 2022-இல் 202. ஃபிஜியில் மருந்தும் சோதனையும் தள்ளாடும்போதுதான், 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அந்த உதவியை நம்பியிருந்த கிளினிக்குகள் பல நாடுகளில் கதவைச் சாத்தின. தினமும் நம்மோடு சாப்பாட்டுக் கடையில் உட்காருபவர்களின் ஊர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நீங்கள் இங்கே இருந்தால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்காத இடங்கள் இருக்கின்றன. சேர்ந்து சாப்பிடுவதாலோ கை கொடுப்பதாலோ இது ஒட்டாது. மருந்தால் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலமும் பரவாது. 2024-இல் இங்கே தொற்றுநோய்ச் சட்டமே அதை ஏற்றுத் திருத்தப்பட்டது. உங்கள் டார்மிட்டரி நண்பர் யாராவது மெடிக்கலில் 'ஃபெயில்' ஆகித் திரும்புகிறார் என்றால், விமானம் ஏறும் முன் அவர் ஊருக்கு எட்டின மையத்தையும், அது வேண்டாம் என்றால் பக்கத்து மாவட்ட மையத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் மூன்று மாதம் விட்டது தப்பு.

அந்தத் தம்பி இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். கடனை அடைக்க ஐந்து வருடம் ஆனது. போன வருடம் மருந்துச் சீட்டை அங்கேயே மாற்றிக்கொண்டார். மையம் அறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அக்கா என்று சொன்னார்.