வளர்ந்துவரும் நகரத்தில் பாதரச மாசை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கோவையில் மருத்துவமனைக் கழிவு மேலாண்மையில் வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: பாதரசம் குப்பையில் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. அது தனிமம், எரித்தாலும் புதைத்தாலும் அழியாது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக்கிடங்கு நாட்கணக்கில் எரிந்ததே, அப்படி எரியும்போது குப்பையில் இருக்கும் பாதரசம் ஆவியாகிக் காற்றில் ஏறும். பிறகு மழையோடு குளத்தில் இறங்கும். அங்கே சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன் வழியாக நமக்குள் வரும். ஜப்பானில் மினமாட்டா மக்களின் நரம்புகளைச் சிதைத்தது இந்த மெத்தில் பாதரசம்தான்.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் எப்படி வெளியே வந்தது என்று நினைவிருக்கிறதா? 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது. ஆலையின் மதில் எவ்வளவு உயரமாக இருந்து என்ன, கழிவு பழைய பொருளாக விலைக்குப் போய்விட்டது. ஆலையை மூடினார்கள். 2003-இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. அந்தப் பதினைந்து வருடத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அதே வழி எல்லா ஊரிலும் திறந்தே கிடக்கிறது. ஒரு தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவுக்குத்தான் பாதரசம் இருக்கும், பழைய பி.பி. கருவியில் கிட்டத்தட்ட நூறு கிராம். டிஜிட்டலுக்கு மாறிவிட்டோம் என்று சொல்லும் மருத்துவமனைகளைக் கேட்க வேண்டிய கேள்வி, பழையவை எங்கே என்பதுதான். உடைந்த கட்டில், நாற்காலியோடு சேர்ந்து ஏலத்தில் போகக் கூடாது. எண்ணிக் கணக்கெழுதி, அபாயக் கழிவு உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பல் மருத்துவமனைகளில் வெள்ளி நிறத்தில் அடைக்கும் கலவையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். அதன் துகள் சாக்கடைக்குப் போகாதபடி வடிகட்டி பொருத்த வேண்டும்.

டியூப் லைட், சி.எஃப்.எல். பல்புகளில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால் ஊரே எல்.இ.டி.க்கு மாறும் காலத்தில் பழையவை மொத்தமாகக் குப்பைக்கு வருகின்றன. லாரியில் அவை உடையும்போது சுவாசிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். வார்டுக்கு ஓர் இடத்தில் உடையாத விளக்குகளைத் தனியாக வாங்கி வைக்க மாநகராட்சிக்குப் பெரிய செலவில்லை.

அனல் மின்நிலையங்கள் உள்ள எண்ணூர் போன்ற பகுதிகளில் கதை வேறு. நிலக்கரியிலேயே பாதரசம் இருக்கிறது. புகைபோக்கி வழியாக வெளியேறும் பாதரசத்துக்கு 2015-இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. அளவீடுகளை மக்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் விளக்குமாறோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம், இரண்டுமே பரப்பிவிடும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நகையைக் கழற்றி, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டு இறுக்கி மூடுங்கள். மேலே ‘பாதரசம்’ என்று எழுதி ஒட்டி, குப்பை வண்டியில் போடாமல், மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.