இருமலில் ரத்தம் வரும்போது முதலில் செய்யவேண்டியது, அதைப் பார்ப்பது

"அப்பாவுக்கு 61 வயது. எப்போதோ வந்த டிபியால் நுரையீரல் பழுதாகி, சில மாதங்களுக்கு ஒருமுறை இருமலோடு ரத்தம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் வீடே நடுங்கிப்போகிறது. இதோடு வாழ்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அப்படி வாழ்கிறவள். திண்டுக்கல்லில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறேன். 1999-ல், 19 வயதில் டிபி வந்தது. ஆறு மாதம் ஒரு வேளை விடாமல் மாத்திரை சாப்பிட்டேன், குணமானது. ஆனால் வலது நுரையீரலின் மேல்பகுதியில் அது விட்டுப்போன தழும்பு அப்படியே இருந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2011-ல், அங்கிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது.

ஜூன் மாதம், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற நேரம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு. சூடாக ஏதோ மேலே ஏறி வந்தது, வாயெல்லாம் உப்புக் கரித்தது. இருமினேன். மடியில் கிடந்த வெள்ளைச் சட்டைத் துணியில் நுரையோடு பளிச்சென்று சிவப்பு. அம்மா ஓடிவந்து செய்த முதல் காரியம், அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் அலசியதுதான். "ரத்தம் கக்கிச் சாவே" என்பது எங்கள் தெருச் சண்டையில் கடைசியாக வாயில் வரும் சாபம். பெற்ற மகளுக்கே அது பலித்துவிட்டதாக அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். அவரை நான் குறை சொல்லவில்லை.

காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வந்தது?" நான் "நிறைய" என்றேன். அம்மா "கொஞ்சம்தான் சார்" என்றார். இரண்டுமே பதில் இல்லை. அவர் எக்ஸ்ரே எடுத்தார், பழைய தழும்பு தெரிந்தது, "திரும்ப வந்துடுச்சு" என்றார். சளியைப் பரிசோதிக்கவே இல்லை. மறுபடியும் டிபி மருந்து. அந்தக் காலத்து இரண்டாம் முறை சிகிச்சையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உண்டு: வாரத்துக்கு மூன்று, இரண்டு மாதம், மொத்தம் 24. எல்லாம் போட்டுக்கொண்டேன். ரத்தம் நிற்கவில்லை, காதில் ரீங்காரம் மட்டும் வந்தது. இன்றைக்கும் ராத்திரி மெஷினை நிறுத்தியதும் அந்தச் சத்தம் கேட்கும். வேறொரு டாக்டர் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு இருப்பது டிபி இல்லை, டிபி விட்டுப்போன பிராங்கியெக்டேசிஸ் என்று தெரிந்தது. அதாவது மூச்சுக்குழாய் விரிவு.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், அது புரிந்த பிறகுதான் எனக்குப் பாதி பயம் விட்டது. நோயில் அடிபட்ட மூச்சுக்குழாய்கள் தொளதொளவென்று விரிந்துவிடுகின்றன. அவற்றில் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, கிருமி குழாயை இன்னும் கெடுக்கிறது. நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று இதயத்தின் வலது பக்கத்திலிருந்து, குறைந்த அழுத்தத்தில். இன்னொன்று மகாதமனியிலிருந்து பிரியும் மெல்லிய குழாய்கள் வழியாக. இங்கே நம் கையில் பி.பி. பார்க்கும்போது இருக்கிற அதே அழுத்தம். புண்பட்ட இடத்தைச் சுற்றி இந்த இரண்டாவது வகைக் குழாய்கள்தான் தடித்து, முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. சளி பழுத்து உள்சுவர் புண்ணாகும்போது இதில் ஒன்று கசிகிறது. அதனால்தான் அவ்வளவு சிவப்பாக வருகிறது. வாந்தியில் வருகிற ரத்தம் பெரும்பாலும் கறுத்து, காபித்தூள் கலந்ததுபோல் இருக்கும். இது நுரையோடு வரும்.

அந்த டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு காரியம் எந்த மருந்தைவிடவும் பெரிது. "துடைக்காதீங்க, கழுவாதீங்க. முதல்ல பாருங்க, அளங்க" என்றார். இருமல் சிரப் பாட்டிலோடு வரும் 10 மி.லி. பிளாஸ்டிக் மூடி ஒன்றை அன்றிலிருந்து தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், எத்தனை மூடி, சளியில் கீற்றாக வந்ததா, தனி ரத்தமா, காய்ச்சல் உண்டா, முந்தின நாள் சளி என்ன நிறம். இவ்வளவுதான். ஒரு வருடம் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு ரத்தத்துக்கும் நாலைந்து நாள் முன்பே சளி பச்சையாகிக் கெட்டியாகியிருக்கிறது. இப்போது நிறம் மாறிய அன்றைக்கே சளியைக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுகிறேன். பல தடவை ரத்தம் வரை போகாமலே அடங்கிவிடுகிறது.

எனக்கு அவர் எழுதிக் கொடுத்த எல்லை இது. கீற்று மட்டும் என்றால் போன் செய்துவிட்டு, சொல்லும் மாத்திரையைத் தொடங்கவேண்டும். ஸ்பூன் கணக்கில் தனி ரத்தம் என்றால் அன்றைக்கே நேரில் போகவேண்டும். அரை டம்ளரை நெருங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ ஒரு நிமிடம் யோசிக்காமல் 108. இது எனக்கான எல்லை. அப்பாவுக்கு உரியதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அவருடைய கணக்கே வேறு.

ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இந்த நோயில் ஆபத்து ரத்தம் குறைந்துபோவதால் வருவது அரிது, மூச்சு அடைபடுவதால்தான் வருகிறது. தொண்டையிலிருந்து நுரையீரல் வரை காற்று போகும் வழியின் கொள்ளளவே சுமார் 150 மி.லி. ஒரு காபி டம்ளர். அதனால் அதிகமாக வரும்போது எந்தப் பக்க நுரையீரல் பழுதோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவேண்டும். அப்போதுதான் ரத்தம் நல்ல பக்கத்துக்குள் இறங்காது. மல்லாக்கப் படுக்க வைப்பதும், வந்ததை விழுங்கச் சொல்வதும், தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பை ஊற்றுவதும் கூடாது. என் காப்பீட்டு அட்டையின் கவரில் பேனாவால் "வலது பக்கம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வாயில் ரத்தம் இருக்கும்போது என்னால் பேச முடியாது இல்லையா.

2018-ல் அந்த எழுத்து உதவியது. விடியற்காலை மூன்று மூடி, அப்புறம் மூடியால் அளக்கிற அளவிலேயே இல்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எம்பொலைசேஷன் செய்தார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள் நெஞ்சு வரை கொண்டுபோய், கசிகிற குழாயைக் கண்டுபிடித்து, பொடிப்பொடித் துகள்களால் அடைக்கிறார்கள். முழு நேரமும் விழித்திருந்தேன். சாயம் செலுத்தும்போது உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் சூடு பரவியது. தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. பாபினில் சிக்கிச் சுருண்ட நூல்கண்டுபோல் கறுப்பாக ஒன்று, அதுதான் என் குழாய். "கால் விரலை ஆட்டுங்கம்மா" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தார் டாக்டர். முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சிலருக்கு அங்கேயே பிரிவதால், தவறி அது அடைபட்டால் கால் செயலிழக்கலாமாம். அரிதுதான், ஆனால் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள். அதன்பின் காலை மடக்காமல் மணிக்கணக்கில் படுத்திருந்தேன், மூன்று நாள் நெஞ்சு வலித்தது. மூன்று வருடம் ஒரு சொட்டு வரவில்லை. பிறகு கொஞ்சமாகத் திரும்பி வந்தது. குழாயை அடைத்தார்களே தவிர, பழுது அப்படியேதானே இருக்கிறது. இதை முன்பே சொல்லியிருந்ததால் நான் உடைந்துபோகவில்லை.

அன்றாடம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விடக்கூடாது. காலையில் இருபது நிமிடம் சளியை வெளியேற்றும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொன்ன கோணத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, ஆழமாக மூச்சிழுத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் "ஹா" என்று விடுவேன். நெஞ்சு கிழிய இருமவேண்டியதில்லை. ரத்தம் வந்த நாட்களில் இந்தப் பயிற்சியையும் உப்புநீர் ஆவியையும் நிறுத்திவிட்டு, டாக்டர் சொன்ன பிறகுதான் மறுபடி தொடங்குவேன். காட்டன் துணி வெட்டும்போது முகக்கவசம். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கிடையாது, சிலவற்றால் ரத்தம் உறைவது தாமதப்படும். ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒன்று. அப்பா பீடி, சிகரெட் குடிப்பவர் என்றால் இதில் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்தவேண்டும்.

ரத்தம் நிற்பதற்கென்று டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது. பெரியம்மா சொன்னாரே என்று நானும் ஆடாதோடைக் கஷாயம் குடித்தேன். குடித்ததில் தவறில்லை, ஆனால் அதை நம்பி இரண்டு வாரம் டாக்டரிடம் போகாமல் இருந்தது தவறு. இன்னொன்று, ரத்தம் வருவது கூடினால் சளியில் சிபிநாட் (டிபி கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடும்) பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். டிபி உண்மையிலேயே திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் இருக்கலாம். பழைய குழியில் பூஞ்சை பந்துபோல் வளர்ந்தும் ரத்தம் வரும், அதற்கு வைத்தியம் வேறு. என்னைப்போல் எக்ஸ்ரேவை மட்டும் நம்பி 24 ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பது பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது ரத்தத்தைவிட அதிகமாக வலித்தது. பரிசோதனையில் டிபி கிருமி இல்லை என்றால் அப்பாவிடமிருந்து யாருக்கும் டிபி ஒட்டாது. கிருமி இருந்த காலத்திலும் தட்டால் பரவுவதில்லை, காற்றில்தான் பரவும். டிபி நோயாளியை சானட்டோரியத்தில் (டிபிக்காரர்களைத் தனியாகத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில்) சேர்க்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும், வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு நம் சென்னையில் நடந்ததுதான். அதற்கு நாற்பது வருடம் கழித்தும் எனக்குத் திண்ணையில்தான் சோறு வந்தது. அப்பா ரத்தத்தை உங்களிடம் மறைக்க ஆரம்பித்திருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அவர் துப்பியதைப் பார்த்து முகம் சுளிக்காத ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

போன மாதம் எனக்கு மறுபடி வந்தது. அம்மாவுக்கு இப்போது 70 ஆகிறது. துணி எதையும் தேடவில்லை. மூடியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அஞ்சுக்குக் கீழதாண்டி. எழுதிக்கோ" என்றார்.