நாடுகளை வளர்த்து ஆளும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் நட்பு ஒப்பந்தம் (நட்புப் பிரகடனம்) போடுவதால் என்ன பயன்?

நிறையப் பேர் இதைச் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நட்புப் பிரகடனம் என்றால் இவ்வளவுதான்: சாதாரண வேகத்தில் 30 டர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) நீங்கள் அந்த நாட்டுத் தலைவர் மேல் போர் அறிவிக்க முடியாது, அவரும் உங்கள் மேல் அறிவிக்க முடியாது. இதை மீற முடியாது, ஆட்டமே அந்தப் பட்டனை அடைத்துவிடும்.

பயன் எங்கே வருகிறது என்றால், உங்கள் நகரம் ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் செய்யும். வில்லாளியைத் தயார் செய்கிற அந்த சில டர்னில் குடியேறிகளையோ நூலக வளாகத்தையோ உருவாக்க முடியாது. ஆக, ஒரு எல்லையில் பயம் போனால் அங்கே நிறுத்த வேண்டிய படைக்கான உழைப்பு அப்படியே வளர்ச்சிக்குத் திரும்புகிறது. வயலுக்கு நாலு பக்கமும் வேலி போடுவதற்குப் பதில், ஒரு பக்கத்துக்காரரோடு பேசி முடித்துக்கொண்டு, மாடு நுழைகிற பக்கம் மட்டும் முள் வைப்பது மாதிரி.

ஆரம்பத்திலேயே 25 தங்கம் கொடுத்து அந்த நாட்டுக்குத் தூதுக்குழு அனுப்பிவிடுங்கள், அவர்கள் மனம் இளகும். அப்புறம் குடிமைப் பணி (Civil Service) என்ற பண்பாட்டு முன்னேற்றம் ஆட்டத்தில் உங்களுக்கு வந்தபின், விரிவாக்கப் பதிப்புகளில் அதே நண்பரோடு ஆராய்ச்சி, ராணுவம் என ஐந்து வகைக் கூட்டணிகளில் ஒன்றைப் போடலாம். என் கணக்கில் ராணுவப் பலம் அதிகமுள்ள அண்டை நாட்டோடுதான் முதலில் நட்பு வேண்டும், தூரத்து ஆளோடு அவசரமில்லை.

ஒன்று மட்டும்: நண்பர் ஆகிவிட்டார் என்பதால் உங்களுக்காகச் சண்டைக்கு வருவார் என்று எண்ணாதீர்கள், அடிக்க மாட்டார் என்பது மட்டுமே நட்புப் பிரகடனம் தருவது.