யாத்திரை முடிந்தது, நடைக்கோல்களை என்ன செய்வது?

கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகிறீர்கள், நடந்தபோது ஊன்றிய, நீட்டிச் சுருக்கும் நடைக்கோல்களைக் குப்பையில் போட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போடாதீர்கள். பல விமான நிலையங்களில் கூர்முனைக் கோல்களைக் கேபினுக்குள் விடமாட்டார்கள், அதனால் கிளம்பும் நாள்வரை காத்திருக்காமல் வேறு யாத்திரிகர்களுக்காக வாங்கி வைத்துக்கொள்வாரா என்று இப்போதே விடுதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஆனால் பாதை முடியும் இடத்தில் எல்லோரும் விட்டுப்போவதால் அங்கே தேவை குறைவாகத்தான் இருக்கும், இன்னும் தொடர்ந்து நடக்கப் போகிறவர் யாராவது கிடைத்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடுவது மேல். அப்புறம், கொடுக்கும் முன் கோலை நீட்டிப் பூட்டி, உடல் எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள். வழுக்கி உள்ளே இறங்கினால் குழாய்களைப் பிரித்துத் துடைத்து உலரவையுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். எண்ணெய் மட்டும் வேண்டாம், பூட்டு பிடிக்காது. கார்பன் கோலில் விரிசல் இருந்தால் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள், இறக்கத்தில் ஒடிந்தால் ஆள் விழுந்துவிடுவார்.