நீறு பூத்த நெருப்பும் மூடிய கூடாரமும்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு மே கடைசியில் காரில் ஸ்காட்லாந்து போய், கிளென்கோவில் கூடாரம் போட்டோம். இரண்டு நாளும் விடாத மழை. இரண்டாம் இரவு, சமைத்து முடித்த பார்பிக்யூ கரித்தட்டைத் தணல் அடங்கியதும் கதகதப்புக்காகக் கூடாரத்தின் முன்பகுதியில் வைத்து ஜிப்பை மூடினோம். நடுராத்திரியில் மகள் (7 வயது) வாந்தி எடுக்க, வெளியே தூக்கிப் போனேன். காலையில் எல்லோருக்கும் தலைவலி. அப்பா (70) எழுந்து நிற்கத் தள்ளாடினார். விரல் மெஷினில் ஆக்சிஜன் 98 காட்டியது. காரில் போகப் போகச் சரியானது. ஆகஸ்டில் ஸ்கை தீவுக்குப் போகிறோம். அப்பா ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகளுக்கு வீசிங் உண்டு. குளிர் தாங்க என்ன செய்யலாம்?

பதில்: குளிரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது அந்தக் கரித்தட்டை நினைத்துத்தான். ஒரே கூடாரத்தில் படுத்த எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். வெளியே வந்ததும் படிப்படியாகச் சரியானது. அநேகமாக இது கார்பன் மோனாக்சைடு நச்சு.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோமே, அதுதான் அந்தத் தட்டில் இருந்தது. மேலே சாம்பல் மூடி, கை வைக்கும் அளவுக்கு ஆறிய கரியும் மணிக்கணக்கில் இந்த வாயுவை விடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தூக்கத்தில் இருப்பவர் விழிக்காமலேயே மயக்கத்துக்குப் போய்விடுவார். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு முதலில் தெரியும். உங்கள் மகள் வாந்தி எடுத்து, அதனால் ஜிப் திறந்தது உங்கள் எல்லோருடைய நல்ல நேரம். கொடைக்கானலில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அந்த 98-ஐ நம்பாதீர்கள். விரலில் மாட்டும் மெஷினுக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் கிட்டத்தட்ட ஒரே சிவப்பு. வித்தியாசம் தெரியாமல் நல்ல எண்ணையே காட்டும். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்தத் தலைவலியோடு நீங்கள் காரை ஓட்டியிருக்கவே கூடாது. அன்று இங்குள்ள அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அந்த நேரம் ஒன்று, ஒன்றரை மணியாகக் குறையும். விசிட்டர் விசாவில் இருப்பவர்களுக்கும் அவசரப் பிரிவில் கட்டணம் கிடையாது. வார்டில் சேர்த்த பிறகுதான் அந்தப் பேச்சே வரும்.

ஆகையால் ஆகஸ்டில் கரித்தட்டோ கேஸ் அடுப்போ, எரிந்தாலும் அணைந்தாலும், கூடாரத்துக்குள்ளும் அதன் முன்பகுதியிலும் வரக் கூடாது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமே என்று அம்மா கேட்கலாம். போதாது. மழை கொட்டினால் காருக்குள் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள், ஒரு வேளைதானே. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி உள்ளே மாட்டுங்கள். அலாரம் இருக்கிறதே என்று அடுப்பை உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள்.

சரி, குளிர். ஈரம்தான் எதிரி. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அம்மாவுடைய சேலையின் ஓரம் நனைந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் பனியன், மேலே மழைக்கோட்டு. ஒரு ஜோடி சாக்ஸும் இரவு உடையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, தூங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இன்னொரு போர்வை போடுவதைவிடக் கீழே ஒரு தடித்த பாய் விரிப்பது பலன் தரும். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது.

அப்பாவைக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். வயதானவர்களுக்குக் குளிர்வதே சரியாகத் தெரியாது, நடுக்கமும் குறைவாக வரும். அவர் சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறாரா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயே சில்லென்று இருந்தால் அது ஆபத்து. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்பு டீ கொடுத்து, 999-ஐ அழையுங்கள். கை காலைத் தேய்த்துவிட வேண்டாம், பிராந்தி வேண்டவே வேண்டாம். மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடட்டும்.

மகளின் நீல இன்ஹேலரைக் காரில் விடாமல் உங்கள் உள்பையில் வையுங்கள். குளிர்ந்துபோன குப்பியிலிருந்து மருந்து சரியாக வராது. ஸ்பேசரையும் (இன்ஹேலரோடு மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்) எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் விளையாடிவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போங்கள்; ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் உண்டு. அங்கே பல இடங்களில் சிக்னல் நிற்காது. பேச முடியாதபோது 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம், ஆனால் போனை முன்கூட்டியே பதிய வேண்டும். 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பினால் வழி சொல்வார்கள். வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. இந்த நச்சின் பாதிப்பு சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்துத் தலைகாட்டும். இப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் இன்று இரவு சாப்பிடும்போது அப்பாவைக் கொஞ்சம் கவனியுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, நடை மாறியிருக்கிறதா, முன்னைவிட எரிச்சல்படுகிறாரா, நெஞ்சில் பாரம் என்கிறாரா? ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆகஸ்டு வரை காத்திருக்காமல் பக்கத்து டாக்டரிடம் அழைத்துப் போய், கரித்தட்டு விஷயத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.