வண்டியோடு நடப்பது

வணக்கம் அக்கா,

நாங்கள் ஐடஹோவில், பாய்சி நகரத்தில் இருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டு வண்டிகளோடு மேற்கே ஓரிகனுக்குப் போன பழைய ஓரிகன் தடத்தில், அந்தக் கால வண்டிப் பயணத்தை மூன்று நாள் நடத்திக் காட்டப் போகிறார்கள். மகளின் பள்ளித்தோழி வீட்டார் எங்களைத் தன்னார்வலர்களாகக் கூப்பிடுகிறார்கள். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழங்குடிகளிடம் நிலத்தைப் பறித்த கதையைக் கொண்டாடுவதாக ஆகிவிடுமோ என்று கணவர் தயங்குகிறார். நீங்கள் இதில் வேலை செய்ததாக எழுதியிருந்தீர்கள். போகலாமா?

ர., பாய்சி

அன்புள்ள ர.,

போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வண்டியில் ஏறி உட்காராமல், கூடவே நடங்கள்.

அன்று அப்படிக் குடியேறப் போனவர்களில் பெரும்பாலோர் நடந்துதான் போனார்கள். மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஓரிகன் சிட்டிக்குச் சுமார் 2,000 மைல். ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் போனாலே பெரிய விஷயம். போய்ச் சேர நாலு முதல் ஆறு மாதம். பத்தடி நீளம், நாலடி அகலம் உள்ள வண்டிக்குள் மாவும் உப்புக்கறியும் காப்பிக்கொட்டையும் போக ஆளுக்கு ஏது இடம்? நம் வில் வண்டி போல அடியில் வில்லும் கிடையாது. கைக்குழந்தைகளும் முடியாதவர்களும் மட்டும் உள்ளே இருக்க, மற்ற எல்லோரும் புழுதியில் நடந்தார்கள்.

நான் இப்படியொரு பயணத்தில் வேலை செய்தது நெப்ராஸ்காவில். எனக்குக் கொடுத்த பொறுப்பு, பிள்ளைகள் சக்கரத்தருகே போகாமல் பார்த்துக்கொள்வது. முதலில் இதெல்லாம் ஒரு வேலையா என்று இருந்தது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: ஓடும் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து, சக்கரத்தில் அகப்பட்டு இறந்த குழந்தைகள் அந்தத் தடம் நெடுகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சக்கரத்திலிருந்து என் கண் நகரவில்லை.

இரண்டாம் நாள் மதியம் ஒரு சக்கரம் கடகடவென்று ஆடத் தொடங்கியது. வறண்ட காற்றில் மரம் சுருங்கி, வட்டைக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே என் நகம் நுழையும் அளவு இடைவெளி. வண்டிக்காரப் பெரியவர் அதில் மரச்சிம்பு அடித்துச் சமாளித்தார். மாலை ஓடைக்கரையில் தங்கியதும் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். மரம் நீர் குடித்து ஊதினால் பட்டை தானாக இறுகிவிடும். அன்றும் இதைத்தான் செய்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் இருட்டும் வரை கரையில் குந்தியிருந்தான். "சக்கரம் இன்னுமா குடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பள்ளிப்பாடம் அவனுக்கு அதைக் கொடுத்திருக்காது.

மாடு தெரியாது என்று கவலைப்படாதீர்கள். ஓட்டுகிறவர் மாடுகளின் இடப்பக்கம் நடந்துகொண்டு, 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது, 'வோ' என்றால் நில். உங்கள் மகள் அரை நாளில் பழகிவிடுவாள்.

சரி, உங்கள் கணவருடைய தயக்கம். அது நியாயமானது, அதையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்து ஸ்னேக் ஆற்றங்கரையில் ஷோஷோனி பழங்குடி மக்கள் வண்டிப் பயணிகளுக்குச் சால்மன் மீன் கொடுத்து, பதிலுக்குத் தூண்டில் முள்ளும் துணியும் வாங்கினார்கள். ஆறு கடக்கவும் பழங்குடிகள் உதவினார்கள். 1840 முதல் 1860 வரை தடத்தில் பழங்குடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பழங்குடிகள் 426 பேர் என்பது வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூவின் கணக்கு. காலராவில் இறந்த பயணிகளோ ஆயிரக்கணக்கில். ஆனால் வண்டி மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன, வேட்டை விலங்குகள் குறைந்தன, பழங்குடிகளுக்குப் பசி வந்தது. 1863 ஜனவரி 29 அன்று, இன்றைய தெற்கு ஐடஹோவில், பேர் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான ஷோஷோனிகளைக் கொன்றது. பெண்கள், குழந்தைகள் உட்பட.

நாங்கள் போன பயணத்தில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, 'தாக்குதல்' காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். பெரும்பாலும் மாடுகள் ஓடிப்போகாமல் இருக்கத்தான் அப்படி வட்டம் கட்டினார்கள். அதை எடுத்துச் சொன்னோம். அடுத்த வருடம் அந்தக் காட்சியை விட்டுவிட்டு, பண்டமாற்றுக் காட்சி வைத்தார்கள். நீங்களும் கேளுங்கள்: உங்கள் ஐடஹோவின் ஃபோர்ட் ஹாலில் இன்றும் வாழும் ஷோஷோனி, பானக் பழங்குடி மக்களிடமிருந்து யாரையாவது அழைத்திருக்கிறார்களா? முதல் நாள் இரவு நெருப்பைச் சுற்றி உட்காரும்போது பேர் ஆற்றைப் பற்றிப் பேசுவார்களா? தன்னார்வலர் கேட்டால் நடத்துகிறவர்கள் காது கொடுப்பார்கள். ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

பருத்தி உடை, அகல விளிம்புத் தொப்பி போதும். செருப்பு மட்டும் அந்தக் காலத்து மாதிரி வேண்டாம், நன்றாகப் பழகிய ஷூ போடுங்கள். உங்கள் பையன் மதியத்துக்குள் களைத்துவிடுவான். அப்போது தூக்கிக்கொள்ளுங்கள். வண்டியில்தான் ஏற்ற வேண்டுமென்றால், சக்கரம் முழுக்க நின்ற பிறகு, ஓட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

அன்புடன்