வீடு கல்லாற்றில், பள்ளி கல்முனையில்: மகள் எந்த மாவட்டம்?

அக்கா, கேட்டதற்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிள்ளை படித்த பள்ளிக்கூடம், குடியிருக்கும் வீடு இல்லை. பெரியகல்லாறு மட்டக்களப்பு மாவட்டம். மகள் பஸ் ஏறிப் போகிற கல்முனை அம்பாறை மாவட்டம். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்தப் பள்ளியில் படித்தார் என்றுதான் பார்ப்பார்கள். கிராம சேவகரின் கடிதம் இதை மாற்றாது.

மட்டக்களப்பு டவுனில் ஒரு பள்ளிக்கு மாற்றினால் வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளே போகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, குறையும் என்று மகளின் மாமா சொன்னாராம். அவர் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

ஒரு பாடநெறிக்கு 1000 இடங்கள் என்று வைப்போம். 400 இடம் அகில இலங்கைத் திறமைப்படி போகும். அதில் மாவட்டம் என்ற பேச்சே கிடையாது. 550 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மிச்சம் 50 இடம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். 2012 கணக்கெடுப்பில் அம்பாறையில் சுமார் 6.5 இலட்சம் பேர், மட்டக்களப்பில் சுமார் 5.25 இலட்சம் பேர். அந்தக் கணக்கில் 550இல் அம்பாறைக்கு 17 இடமளவில் வரும், மட்டக்களப்புக்கு 14. அந்த 16 மாவட்டப் பட்டியலிலும் இரண்டுமே இருக்கின்றன. அங்கே அம்பாறைக்கு ஏறத்தாழ 4, மட்டக்களப்புக்கு 3. பெரிய மாவட்டத்தில் இடமும் கூட, போட்டிக்கு நிற்கிற பிள்ளைகளும் கூட. எந்த வருடம் எங்கே வெட்டுப்புள்ளி இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அது அந்த வருடம் எழுதுகிற பிள்ளைகளைப் பொறுத்தது. போன வருடப் பட்டியலை வைத்துக்கொண்டு பள்ளி மாற்றுவது, போன போகத்து மழையை நம்பி இந்தப் போகம் விதைக்கிற மாதிரி.

கொழும்பிலோ கண்டியிலோ இருந்து இங்கே வருவதென்றால் வெட்டுப்புள்ளியில் வித்தியாசம் பெரிது. அப்படிக் கடைசி நேரத்தில் வந்து பெயர் பதிகிறவர்களுக்குத்தான் மூன்று வருடக் கட்டுப்பாடு இடைஞ்சல். உங்கள் வீட்டுக் கதை அது இல்லை.

இன்னொன்று. மாவட்டக் கோட்டா என்றால் வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மட்டும்தான் இடம் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். இல்லை அக்கா. பேராதனை, மொறட்டுவை, கொழும்பு எல்லா இடங்களையும் சேர்த்துத்தான் பங்கு பிரிக்கிறார்கள். அதேபோல கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும் நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டுக்குப் பக்கம் என்று இரண்டு கெம்பஸை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளைச் சரிக்கட்ட எழுபதுகளில் கொண்டுவந்த ‘தரப்படுத்தல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு அந்தக் காலத்துக் கோபம் வரும். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் வாகரையிலும் வெல்லாவெளியிலும் ஆசிரியர் இல்லாமல் படித்து வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாவட்டப் பங்கு இல்லாவிட்டால் அவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்?

சரி, மகளுக்கு வருவோம். மூன்று பாடங்களிலும் மற்றப் பிள்ளைகளின் சராசரியை விட எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதுதான் இசட் புள்ளி. அதை நான்கு தசமம் வரைக்கும் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். பயோ எடுக்கிற பிள்ளைக்கு இரசாயனவியல் பலவீனம் என்று நீங்களே சொல்கிறீர்கள். டவுனுக்கு மாற்றினால் போக வர நாளுக்கு எத்தனை மணித்தியாலம் பஸ்ஸில் போகும்? அதே நேரம் இரசாயனவியலுக்குப் போனால் இசட் புள்ளியே ஏறும்.

கல்முனைப் பள்ளியில் ஆசிரியர் பிரச்சினை ஏதும் இருந்து மாற்ற நினைத்தால் அது வேறு கதை, தாராளமாகப் பேசலாம். அப்படி மாற்றினாலும் விடுகைப் பத்திரத்தில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் சரியாக இருக்கின்றனவா என்று அதிபரின் கந்தோரிலேயே நின்று பார்த்து வாங்குங்கள். விண்ணப்பத்தில் படித்த பள்ளிகளை எழுதும்போது அந்தத் திகதிகள்தான் கைகொடுக்கும்.